பட்டமும் நாற்காலியும்

கல்வி எதற்கு என்னும் வினா மிகப் பழையது. திருவள்ளுவர் கல்விக்கென ஓர் அதிகாரம் வகுத்துப் பத்துக் குறள் உரைத்தார். அடுத்த அதிகாரத்திலே கல்லாமையின் இழிவை இன்னும் பத்துக் குறளில் எடுத்துக் காட்டினார். அவ்விருபதினுள் ஓரிடத்திலேனும் உத்தியோகம் என்ற பேச்சே இல்லை. ஆனால் இன்று நம்மவர் தம் பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்கும்போதே எழுப்பும் முதல் வினா, "இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்பதேயாம். இங்ஙனம் கேட்பதை இழிவென்று கூறுவாரும் உளர். நான் அவருள் ஒருவன் அல்லன். மாதம் பிறந்தால் வாடகையும், லோரிக்கு எண்ணெயும், கடைக்காரன் கணக்கும் வாசலில் வந்து நிற்கும் வீட்டிலே, வேலையைப் பற்றிக் கேட்பது பேராசையாகாது. கேட்பவன் கேட்கட்டும், விடை கூறுகின்றவன் மெய் கூறுகின்றானா என்பதே நாம் ஆராயவேண்டியது.

இந்த ஆராய்ச்சி எனக்குப் பொழுதுபோக்காக வந்ததன்று. சிம்பாங் அம்பாட்டை அடுத்த ஒரு செம்பனைத் தோட்டத்திலே நான் கிராணியாக இருக்கின்றேன். சென்ற மாதம் சம்பள நாளன்று மாலை, தோட்டத்து லோரி ஓட்டுநர் ஒருவர், எல்லோரும் கலைந்து செல்லும் வரையில் அலுவலக வாசலில் காத்திருந்தார். வயது ஐம்பதைக் கடந்தவர். நான் பிறப்பதற்கு முன்னரே இத்தோட்டத்தில் பழக்குலை சுமந்தவர். அவர் கையிலிருந்த பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று மகளின் எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவு, மற்றொன்று வெளி மாநிலத்து அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்த கடிதம். அதே வாரத்தில் பத்து காவானிலுள்ள தொழிற்சாலை ஒன்றும் அவளை உடனே வேலைக்கு எடுத்துக்கொள்ள இசைந்திருந்தது.

"ஐயா, நீங்கள் படித்தவர். உள்ளதைச் சொல்லுங்கள். நாலு வருஷம் படிக்க வைத்தால் பிள்ளைக்கு நல்ல வேலை நிச்சயமா?" என்று கேட்டார்.

நான் உடனே விடை கூறவில்லை. "இரண்டு நாள் பொறுங்கள், அண்ணே, யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். அவர் சற்றே வியப்புற்றார். படித்தவன் படிப்பைப் பற்றி யோசிக்க என்ன இருக்கிறது என்று அவர் எண்ணியிருக்கலாம்.

நான் தயங்கியதற்குக் காரணம் உண்டு. ஐந்து ஆண்டுகளுக்கு முன் இதே வாசலில் வேறொரு தந்தை இதே வினாவைக் கேட்டார். அப்போது நான் கணமும் தாழ்த்தாமல், "படிக்க வையுங்கள், கவலையை விடுங்கள்" என்றேன். அந்தப் பையன் ஒரு தனியார் கல்லூரியில் வணிக நிருவாகம் பயின்றான். அதற்கான கடன் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவனும் நானே. இன்று அவன் ஒரு கிடங்கிலே பெட்டிகளை எண்ணி அடுக்குகின்றான். அவனுக்குப் பக்கத்தில் நிற்பவன் எஸ்.பி.எம். தேர்வோடு நின்றவன்; இருவருக்கும் ஒரே சம்பளம். வேற்றுமை ஒன்றே: இவனுக்கு நாற்பதினாயிரம் வெள்ளிக்குக் குறையாத கடன் இருக்கிறது, அவனுக்கு இல்லை. சாலையில் என்னைக் கண்டால் அவன் மோட்டார் சைக்கிளின் வேகத்தைக் கூட்டிக்கொண்டு போய்விடுகின்றான். அவன் என்னை ஒரு சொல்லும் கடிந்து கூறியதில்லை. கடிந்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

நிற்க. அவன் கதையை வைத்துக்கொண்டு, உயர்கல்வியே வீண் என்று முடிவு கட்டிவிடலாமா? அப்படிக் கட்டுவோர் இன்று ஊர்தோறும் இருக்கின்றனர். முடிவுக்குப் போகுமுன், நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். உயர்கல்விக்கும் உத்தியோகத்துக்கும் உள்ள உறவு அதிலேயே அடங்கியிருக்கின்றது.

தோட்டக் கிராணி என்னும் உத்தியோகம் ஆங்கிலக் கல்வி பெற்ற பிள்ளை. பினாங்கிலே 1816ஆம் ஆண்டில் பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்கப் பாதிரிமார் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினர். 1823இல் வட்டுக்கோட்டையில் அவர்கள் நிறுவிய செமினரியும், பின்னர் எழுந்த மிஷன் பள்ளிகளும் ஆங்கிலம் கற்ற தமிழ் இளைஞரைத் தலைமுறை தலைமுறையாக உண்டாக்கின. மலாயாவில் முதல் இருப்புப்பாதை தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு 1885இல் திறக்கப்பட்டது. அதன்பின் ரயில்வே, நில அளவை, கருவூலம், மருத்துவமனை ஆகிய யாவற்றிலும் எழுத்தர் தேவைப்பட்டனர். ரப்பர் தோட்டங்கள் பெருகியபோது துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே கணக்கெழுதவும் ஆள் வேண்டியிருந்தது. நாற்காலிகள் பல, ஆங்கிலம் அறிந்தோர் சிலர். ஆகவே யாழ்ப்பாணத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆங்கிலம் கற்றோர் கப்பலேறினர், வந்தவரெல்லாம் அமர்ந்தனர்.

அக்காலத்துப் பெரியோர் கண்டது உண்மையே. "படித்தான், உத்தியோகம் பெற்றான், வீடு கட்டினான்" என்று அவர்கள் கூறியது பொய்யன்று. ஆனால் அவர்கள் ஒன்றைக் கவனியாது விட்டனர். அவர்களுக்கு நாற்காலி கிடைத்தது படித்ததனால் மட்டும் அன்று. பிறர் படியாததனாலும் ஆகும். படிப்பின் விலையிற் பெரும்பகுதி அதன் அருமையினால் வந்தது. முத்தின் விலை முத்தின் ஒளியால் மட்டுமா வருகின்றது?

அந்த அருமையும் காவலாகாத காலம் ஒன்று வந்தது. 1929க்குப் பின் உலக வாணிகம் சரிந்தது; ரப்பர் விலை 1932இல் அடிமட்டத்துக்கு வீழ்ந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் தமிழ்நாட்டுக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். ஆங்கிலம் கற்ற கிராணிமாரும் அலுவலக எழுத்தர்களும் ஆட்குறைப்புக்கு ஆளாயினர். அவர்களுடைய சான்றிதழில் ஓர் எழுத்தும் குறைந்துவிடவில்லை. அவர்கள் கற்ற கல்வி ஒரே இரவில் கெட்டுப்போகவும் இல்லை. நாற்காலிதான் இல்லாது போயிற்று. கல்வி மனிதனை வேலைக்குத் தகுதியாக்குமேயன்றி, வேலையைப் படைக்காது என்பதை அந்த ஆண்டுகள் நன்கு உணர்த்தின.

எனது நாற்காலிக்கு வருகின்றேன். எனக்கு மூன்று பேருக்கு முன் இதில் இருந்தவர் சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியவர். ஊரே அவரைக் கண்டு எழுந்து நிற்குமாம். அவருக்குப் பின் வந்தவர் எம்.சி.இ. தேறியவர். எனக்கு முன்னிருந்தவர் எஸ்.டி.பி.எம். வரை கற்றவர். நானோ ஆங்கில வழியிற் பயின்று பட்டமும் பெற்றவன். நால்வரும் எழுதிய கணக்கு ஒன்றே: ஆள் பேர், வேலை நாள், எடை, பிடித்தம், மீதம். அவர்கள் பேரேட்டில் எழுதினர். நான் கணினியில் தட்டுகின்றேன். செம்பனைக் குலையின் எடையை அறிவதற்குப் பட்டம் வேண்டியதில்லை என்பது பட்டம் பெற்ற எனக்குத் தெரியும். நாற்காலி உயரவில்லை; அதில் ஏறுவதற்கான படிகள்தாம் உயர்ந்துவிட்டன.

இஃது எதனால் நிகழ்கின்றது? அரசாங்கக் கிளினிக்குக்குக் காலையிற் சென்று எண் சீட்டு வாங்கியவர் இதனை எளிதில் உணர்வர். ஏழு மணிக்குச் சென்றவன் முதலில் மருத்துவரைக் கண்டான். அதனை அறிந்து மற்றவன் ஆறு மணிக்குச் சென்றான். பின்னர் யாவரும் ஐந்து மணிக்கே சென்று பனியில் நின்றனர். மருத்துவர் எத்தனை பேர்? முன்பிருந்த அதே இருவர். வரிசையில் நின்ற ஒவ்வொருவனும் அறிவுடன்தான் நடந்துகொண்டான். ஆயினும் எல்லோருக்கும் உறக்கம் போயிற்று, எவருக்கும் மருந்து விரைவாகக் கிடைக்கவில்லை. ஐந்து மணிக்கு எழ இயலாத முதியவனும் கைக்குழந்தையுடன் வந்த தாயும் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்பட்டனர். உத்தியோகத்துக்காக மட்டும் பெறப்படும் பட்டமும் இத்தகைய எண் சீட்டேயாகும். அது வரிசையில் ஓர் இடம் தரும். நாற்காலி தருவதாக அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

இந்நோயை மிகத் தெளிவாகக் கண்ட நாடு நமக்கு அயலது அன்று. கிராணிமாரை இங்கு அனுப்பிய இலங்கையே அது. அங்கே 1945 முதல் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரையில் கல்வி இலவசமாயிற்று. இஃது எந்த நாடும் பெருமைப்படத்தக்க செயல். ஆனால் கற்றோர் பெருகிய வேகத்தில் வேலைகள் பெருகவில்லை. கற்றவர் எதிர்பார்த்ததோ அரசாங்க உத்தியோகம். 1971 ஏப்ரலில் அங்கே வெடித்த கிளர்ச்சியில், கல்வி கற்று வேலையற்றிருந்த சிங்களக் கிராமத்து இளைஞர் பெருந்தொகையினராய் இருந்தனர். அதே ஆண்டில் டட்லி சீயர்ஸ் என்பார் தலைமையில் சர்வதேசத் தொழிலமைப்பு அனுப்பிய குழு, கற்றோர் எதிர்பார்ப்புக்கும் கிடைக்கும் வேலைக்கும் இடையேயிருந்த பிளவையே தன் அறிக்கையின் மையமாக்கிற்று. ரொனால்ட் டோர் என்னும் ஆங்கிலேய அறிஞர், இலங்கையையும் ஜப்பானையும் பிறவற்றையும் ஆராய்ந்து 1976இல் வெளியிட்ட நூலில் இதனைச் 'சான்றிதழ் நோய்' என்றே பெயரிட்டழைத்தார்.

அங்கே நிகழ்ந்த மற்றொன்றையும் தமிழர் மறத்தலாகாது. நாற்காலிகள் குறைவாக இருந்தபோது, அவற்றுக்கான வாசல் யாருக்கு என்ற வழக்கு இனங்களுக்கிடையே எழுந்தது. 1970களின் தொடக்கத்தில் வந்த 'தரப்படுத்தல்' என்னும் பல்கலைக்கழக அனுமதி முறையினால், தமிழ் மாணவர் கூடுதல் மதிப்பெண் பெற்றும் வெளியே நிற்க நேர்ந்தது. அதன் புண் ஆறவில்லை. அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை உலகம் அறியும். வேலையைப் பெருக்காமல் பட்டத்தை மட்டும் பெருக்குகின்ற நாடு, அண்டை வீட்டானை எதிரியாகக் காணும்படி தன் பிள்ளைகளைப் பழக்குகின்றது.

தாய்த் தமிழகத்தின் நிலை யாது? உயர்கல்வியிற் சேர்வோர் விகிதம் 2021-22ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியா முழுமைக்கும் 28.4, தமிழ்நாட்டில் 47. பெரிய இந்திய மாநிலங்களுள் இதற்கு நிகர் இல்லை. மகிழத்தக்க செய்தி. அதே தமிழ்நாட்டில், பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதுமென்று அரசாங்கம் விதித்த நான்காம் தொகுதித் தேர்வுக்கு, பட்டதாரிகளும் பொறியியல் கற்றோரும் பெருந்திரளாக வந்து அமர்கின்றனர். கிராம நிருவாக அலுவலர் நாற்காலிக்கும் படிகள் உயர்ந்துவிட்டன.

நம் மலேசியாவும் இதற்கு விலக்கன்று. 1996இல் தனியார் உயர்கல்விச் சட்டம் வந்தது. 1997இல் தேசிய உயர்கல்விக் கடன் நிதி தோன்றியது. கல்லூரிகள் பெருகின, கடனும் எளிதாயிற்று. இவ்விரண்டினாலும் எத்தனையோ ஏழைப் பிள்ளைகள் படித்தனர் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயின் நாட்டின் புள்ளிவிவரத் துறை அண்மை ஆண்டுகளில் வெளியிட்ட கணக்குகளைப் பாருங்கள். வேலையில் இருக்கும் உயர்கல்வி பெற்றோருள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர், தம் படிப்புக்குக் குறைந்த தகுதியே போதுமான வேலைகளில் இருக்கின்றனர். அவர்கள் வேலையில்லாதவர் அல்லர். வேலையற்றோர் கணக்கில் அவர்கள் பெயர் வராது. ஆனால் அவர்கள் வாங்கிய எண் சீட்டுக்கும் அமர்ந்திருக்கும் நாற்காலிக்கும் பொருத்தமில்லை. அந்த மூன்றில் ஒருவன் கிடங்கில் பெட்டி அடுக்குகின்றான். மற்றொருவன் இக்கட்டுரையை எழுதுகின்றான்.

இதுவரை படித்த வாசகர், "அப்படியானால் அந்தப் பெண்ணைத் தொழிற்சாலைக்கு அனுப்புவதே நன்று என்கின்றீரா?" என்று வினவலாம். அவசரம் வேண்டா. வழக்கின் மறுபாதி இன்னும் கூறப்படவில்லை.

தோட்டத்துத் தமிழனுக்குக் கல்வி எவ்வாறு அளந்து ஊற்றப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள். தோட்டங்களிலே பிள்ளைகளுக்குப் பள்ளி வைக்கவேண்டும் என்னும் கடமையைக் கூட்டு மலாய் மாநிலங்களில் 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் முதலாளிமார்மேற் சுமத்திற்று. பள்ளிகளும் வந்தன, கொட்டகைப் பள்ளிகள், ஓராசிரியர் பள்ளிகள். சில வகுப்புகளோடு அவை நின்றன. பால் வெட்டுபவன் மகன் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு மீண்டும் பால் வெட்டுவதற்கு அந்தக் கல்வி போதுமாயிருந்தது. அதற்கு மேல் ஏறவேண்டியவனுக்கு ஏணி இல்லை.

பின்னர் என்ன நேர்ந்தது? 1950களிலும் 1960களிலும் வெள்ளையர் தம் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றனர். அதனைத் தடுக்க முயன்றே துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 1969இல் வேலை அனுமதிச் சீட்டு முறை நடைமுறைக்கு வந்தபோது, குடியுரிமை பெறாத பல்லாயிரவர் வேலையிழந்து கப்பலேறினர். அதன்பின் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை நின்ற நிலத்தில் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்தன. பத்து காவானையும் பினாங்குத் தீவையும் இணைக்கும் இரண்டாம் பாலம் 2014இல் திறக்கப்பட்டபின், எங்கள் பக்கத்து நிலமெல்லாம் பொன்னாயிற்று. தோட்டம் விற்கப்பட்டால் தொழிலாளி ஒரே நாளில் மூன்றை இழப்பான்: வேலை, வீடு, சுற்றம். நிலம் இல்லை, முதல் இல்லை, பரிந்து பேசுவாரும் இல்லை. எடுத்துச்செல்லக்கூடிய பொருள் ஒன்று அவன் வீட்டில் இருந்திருந்தால், அது பிள்ளையின் படிப்பு ஒன்றே. வெள்ளம் வருங்கால் நீந்தத் தெரிந்தவன் எல்லாம் கரையேறுவதில்லை. ஆனால் நீந்தத் தெரியாதவனே முதலில் மூழ்குகின்றான்.

ஆகவே, பட்டத்தால் பயனில்லை என்று ஏழையிடம் கூறுபவனை நான் ஐயத்துடன் நோக்குகின்றேன். அவன் தன் பிள்ளையை எங்கே படிக்க வைக்கின்றான் என்று முதலிற் கேட்கவேண்டும். "எல்லோரும் பட்டதாரியானால் கைத்தொழில் செய்வார் யார்?" என்று மேடையிலே வினவும் கனவான், தம் மகன் கைத்தொழில் செய்வதை விரும்புகின்றாரா? சென்னை மாகாணத்தில் 1953இல் இராஜகோபாலாச்சாரியார் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை நம்மவர் மறந்திருக்கமாட்டார்கள். அரை நாள் பள்ளி. மீதி நேரம் பெற்றோர் தொழிலைக் கற்றல். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் சலவைத் தொழிலாளி மகன் சலவையையும், வழக்கறிஞர் மகன் வழக்கையும் கற்பான் என்பதன் பொருளை மக்கள் உணர்ந்தனர். 'குலக்கல்வி' என்று பெயரிட்டு எதிர்த்தனர். 1954இல் அவர் பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். அன்று சாதியின் பெயரால் கூறப்பட்டது இன்று வேலைச் சந்தையின் பெயரால் கூறப்படுமாயின், நாம் அதனை இரண்டாம் முறையும் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும்.

கைத்தொழிற் கல்வியை நான் இகழ்கின்றேன் என்று எவரும் கொள்ளற்க. பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில் 1972 முதல் வளர்ந்த மின்னணுத் தொழிற்சாலைகளுக்குக் கைதேர்ந்தோர் வேண்டும் என்று 1989இல் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் நிறுவப்பட்டது. இயந்திரத்தைத் திறம்படக் கையாளத் தெரிந்த இளைஞன், எதற்கும் பொருந்தாத பட்டத்தை வைத்திருப்பவனைவிட நன்றாகவே பிழைக்கின்றான். நான் மறுப்பது ஒன்றே: தேர்ந்துகொள்ளும் உரிமை பணக்காரப் பிள்ளைக்கும், அறிவுரை மட்டும் ஏழைப் பிள்ளைக்கும் என்னும் பங்கீடு.

இப்போது வழக்கின் இரு பாதிகளையும் சேர்த்துப் பார்ப்போம். "படித்தால் நல்ல வேலை நிச்சயம்" என்பது ஒரு பொய். "படித்துப் பயனில்லை" என்பது அதனினும் கொடிய பொய். முதற்பொய் கல்லூரி விற்பவனுக்கும் வீண் பெருமை கொள்வோனுக்கும் உதவுகின்றது. இரண்டாம் பொய் மலிவான கூலியாள் தேடுவோனுக்கு உதவுகின்றது. இரண்டுக்கும் விலை கொடுப்பவன் ஒருவனே. அவன் என் அலுவலக வாசலில் பிளாஸ்டிக் உறையுடன் நிற்கின்றான்.

மெய் யாதெனில், கல்வி ஒருவனுக்கு மூன்றைத் தரவல்லது. ஒன்று, வரிசையில் ஓர் இடம்; இது நிச்சயமற்றது, கூட்டம் பெருகப் பெருக மதிப்புக் குறைவது. இரண்டு, ஒரு செயலைச் செய்யும் உண்மைத் திறன்; இது பாடத்தையும் கற்பித்தவனையும் கற்றவனையும் பொறுத்தது. மூன்று, ஏமாறாதிருக்கும் ஆற்றல். இம்மூன்றாவதைப் பற்றி யாரும் விளம்பரம் செய்வதில்லை. நான் கண்ட ஒரு செய்தியைக் கூறுகின்றேன். வேறொரு தோட்டத்தில் குத்தகைக்காரன் ஒருவனிடம் வேலை செய்த கணவன் மனைவிக்குச் சம்பளத்தில் சேமநிதிப் பிடித்தம் மாதந்தோறும் நடந்தது. பிடித்த பணம் நிதிக்குப் போய்ச் சேரவில்லை. ஊழியர் சேமநிதி 1951 முதல் இந்நாட்டில் உள்ளது; முதுமைக்கு அதுவே தொழிலாளியின் ஊன்றுகோல். பதினான்கு மாதங்கள் அவர்கள் அறியவில்லை. விடுமுறைக்கு வந்த மகள், பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவி, சம்பளச் சீட்டையும் நிதிக் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தாள். முறையாக மனு எழுதினாள். பணமும் வந்து சேர்ந்தது. அந்தப் பெண்ணுக்கு இன்றும் நிலையான வேலை இல்லை. அவள் கற்றது வீணென்று அவள் தாயிடம் சென்று யாரேனும் கூறிப் பார்க்கட்டும்.

ஆனால் இதனையே பெரிதாகக் காட்டி, "வேலை கிடைக்காவிட்டால் என்ன, அறிவு கிடைத்ததே" என்று முதுகைத் தட்டிக்கொடுப்பதும் நேர்மையன்று. அறிவு அரிசி வாங்காது, கடனும் அடைக்காது. வேலை தருவதாகக் கூறிப் பட்டத்தை விற்றவன், வேலை கிடைக்காதபோது மட்டும் ஞானியாகி ஆத்துமலாபம் பேசுவானாயின், அவன் நெய் என்று கூறி எண்ணெய் விற்றவனினும் மோசமானவன்.

ஆகவே அறிவுரை கூறுபவன் கடமை யாது? தனக்குத் தெரிந்ததையும், தன்னால் உறுதி கூற இயலாததையும் பிரித்துச் சொல்லுதல். எவ்வளவு கடன், அதை யார் தலையில், எத்தனை ஆண்டு? இப்பாடம் கற்றோர் சென்ற ஐந்தாண்டில் எங்கே இருக்கின்றனர்? எண்ணிய நாற்காலி கிடைக்காவிட்டால், கையில் மிஞ்சும் திறன் யாது? இம்மூன்றையும் அந்தப் பையனுக்காக நான் கேட்கவில்லை. விசாரித்திருந்தால் ஒரு மாலைப்பொழுதில் தெரிந்திருக்கும். நான் கூறியது அறிவுரையன்று. என் பட்டத்தின் பெருமையைக் காப்பாற்றிக்கொள்ள நான் கூறிய புகழுரை. படிப்பு வீணாகலாம் என்று ஒப்பினால், என் படிப்பைப் பற்றியும் ஒப்பவேண்டியிருந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து லோரி ஓட்டுநர் வந்தார். அப்போதுதான் நாங்கள் இருவருமே கேளாதிருந்த ஒன்று என் நினைவுக்கு வந்தது.

"அண்ணே, பாப்பா என்ன சொல்லுது?"

அவர் விழித்தார். "அதைக் கேட்கவில்லை, ஐயா" என்றார்.

மறுநாள் அவளை அழைத்துவந்தார். எனக்குத் தெரிந்ததைக் கூறினேன். வேலை நிச்சயம் என்று சொல்லமாட்டேன் என்றேன். அரசாங்கப் பல்கலைக்கழகமாதலால் கட்டணம் குறைவு. ஆயினும் தங்குவதற்கும் உண்பதற்கும் கடன் வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டுக் காட்டினேன். தொழிற்சாலையில் சேர்ந்தால் இன்றைய குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியும், மிகைநேர ஊதியமும் அடுத்த மாதமே வீட்டுக்கு வரும். நான்கு ஆண்டில் அது எவ்வளவாகும் என்பதையும் எழுதிக் காட்டினேன். அந்தப் பையனைப் பற்றியும் மறையாது கூறினேன்.

அவள் தாளை நெடுநேரம் பார்த்தாள். பின்னர், "நீங்கள் படித்ததற்கு வருத்தப்படுகிறீர்களா, அண்ணா?" என்று கேட்டாள்.

"படித்ததற்கு வருத்தமில்லை, எனக்கு ஒருவரும் உண்மையைச் சொல்லாததற்கு வருத்தம் உண்டு" என்றேன்.

அவள் தந்தையின் பக்கம் திரும்பி, "நான் போகிறேன், அப்பா. வேலை கிடைக்காவிட்டால் பிறகு யாரையும் குறை சொல்லமாட்டேன்" என்றாள். அவர் ஒன்றும் பேசாமல் உறையை மடித்துக்கொண்டார். அவள் முடிவு சரியா தவறா என்பதை நான்கு ஆண்டுகள்தாம் கூறவேண்டும். நான் கூறுவதற்கில்லை. ஆனால் இம்முறை அவள் கண் திறந்து சென்றாள். நானும் அவள் கண்ணைக் கட்டவில்லை.

முடிவாக, நம் சங்கங்களுக்கும் கோவில் நிருவாகங்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் தேர்வில் சிறந்த பிள்ளைகளுக்கு மாலையிட்டு, பரிசளித்து, படம் பிடித்து மகிழ்கின்றோம். நன்று. அம்மேடையிலேயே, பத்தாண்டுக்கு முன் அங்கு மாலை பெற்றவர் இன்று என்ன வேலையில் இருக்கின்றார், எவ்வளவு கடன் தீர்த்தார், எவ்வளவு மீதம் என்று ஒரு பட்டியலை, பெயர் கூறாமலேனும், ஏன் வாசிக்கலாகாது? கிடங்கில் இருப்பவனையும் அழைத்து முன்வரிசையில் ஏன் அமர்த்தலாகாது? வெட்கப்பட வேண்டியவன் அவன் அல்லன். அப்பட்டியலைக் கேட்ட பெற்றோர் எவரிடமும் ஏமாறார். நாற்காலிகளைப் பெருக்குமாறு அரசாங்கத்தையும் முதலாளிகளையும் கேட்கும் துணிவும் அவர்களுக்கு அங்கிருந்தே பிறக்கும். வரிசையில் நிற்பவன் தனக்கு முன்னுள்ளவனை முறைத்துப் பயனில்லை. மருத்துவர் ஏன் இருவர் மட்டும் என்று எல்லோரும் சேர்ந்து கேட்கவேண்டும்.

அந்தப் பையனுக்கு நான் ஒரு கடிதம் எழுதியிருக்கின்றேன். மன்னிப்பு என்ற சொல்லோடு, அவன் கடனைத் தவணையாகச் செலுத்தும் முறையை மாற்றியமைக்கக் கேட்கும் மனுவொன்றையும் ஆங்கிலத்திலும் மலாயிலும் எழுதி அதனுடன் வைத்திருக்கின்றேன். நான் கற்ற கல்வியை அவனுக்காகப் பயன்படுத்த எனக்குத் தெரிந்த வழி, இப்போதைக்கு, அது ஒன்றே.